மெல்லிய கோலுக்குத் தடித்த லைன்

1

நேற்று என்னை ஒழுக்கமானவன் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. நான் கொழும்புக்கு வந்து பன்னிரண்டு வருஷம் முடிகிற அதே வாரத்தில் இந்தப் பாக்கியம் கிடைத்தது. ஆபீசை இங்கே கந்தோர் என்பார்கள். அந்தச் சர்க்கார் கந்தோருக்கு நேற்றோடு நான்கு தடவை போயிருக்கிறேன்.

முதல் தடவை போனபோது என் பேரில் மூன்று ஆட்கள் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். கப்பல் சீட்டில் சுப்பையா. கடைப் பதிவில் வெறும் பிள்ளை. மகளின் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் சுப்பையாபிள்ளை. இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று யாராவது கௌரவமான மனிதர் எழுதித் தர வேண்டுமாம். குமாஸ்தா சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், அவர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். கடைசியில் அந்தக் காகிதத்தில் என் தகப்பனார் பேர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் ஊர்ப் பேர் இருந்தது. அதைத் திருத்த இரண்டாம் தடவை போனேன்.

மூன்றாம் தடவை, வேலை கொடுத்தவரின் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். இத்தனை வருஷமும் ஒரே இடத்தில் ஒழுங்காக வேலை பார்த்தான் என்று முதலாளி எழுதித் தர வேண்டும். அது இருந்தால் இந்த ஊரில் நிலையாகக் குடியிருப்பவன் என்று பதிந்துகொள்வார்கள். இல்லாவிட்டால் இன்றைக்கோ நாளைக்கோ மூட்டையைக் கட்டச் சொல்லலாம். வெளியூர்க்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் தினமும் யாராவது எழுதுகிறார்கள். கடையிலும் யாரைக் குறைக்கலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் மகள் சரோஜா கொட்டாஞ்சேனைக் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. அவளைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் அங்கே அவளுக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, அவள் பேசுகிற தமிழ் யாருக்கும் விளங்கவும் விளங்காது.

ஆகவே அந்தக் கடிதம் எனக்கு வேண்டும். நேற்று அதைக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். என் மனைவி செண்பகம் பாயசம் வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. காரணத்தை ஊரில் இருக்கிற பழைய சிநேகிதரான உங்களுக்கு எழுதிவிடுகிறேன், இங்கே சொல்ல ஆளில்லை.

2

என் உத்தியோகத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொள்வதாகத் தம்பி எழுதுகிறான். கொழும்புக் கோட்டைப் பகுதியில், வெள்ளைக்காரன் கம்பெனிக் கடையில், தலைக்கு மேல் விசிறி சுற்ற நிற்கிறேனாம். விசிறி சுற்றுவது உண்மைதான்.

நான் நிற்பது மீன்பிடிச் சாமான் மேசையில். பரம்பரையாகச் சைவம், பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைத்தவனில்லை, எனக்குக் கிடைத்த மேசையைப் பாருங்கள். மலைநாட்டு ஓடைகளில் துரைமார் சீமையிலிருந்து ஒரு மீனைக் கொண்டுவந்து வளர்த்திருக்கிறார்கள். அதைப் பிடிக்கப் புழு வைத்தால் கேவலமாம். இறகையும் நூலையும் கட்டி ஈ மாதிரி ஒன்று செய்து, அதைத் தண்ணீர்மேல் போட்டு ஏமாற்றினால் கண்ணியமாம். இந்தக் கண்ணியத்துக்கு வேண்டிய கோல், சக்கரம், லைன், இறகு ஈ எல்லாம் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இதில் லைன், அதாவது தூண்டில் கயிறு, அதுதான் விஷயம். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு இருக்கும், அதன் கனத்தில் கயிறு போய் விழும். இங்கே அந்த இறகு ஈக்குக் கனமே கிடையாது. ஆகவே கனம் முழுவதும் லைனில் இருக்க வேண்டும். பட்டு நூலைப் பின்னி, எண்ணெய் ஏற்றி, இரண்டு நுனியும் மெலிந்து நடுவில் பருத்ததாகச் செய்திருப்பார்கள். கோல் வளைந்து நிமிர்கிற வேகத்தில் அந்த லைன்தான் பறக்கிறது. ஈ அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவே.

கோலுக்கு லைன் பொருந்த வேண்டும். மெல்லிய கோலுக்குத் தடித்த லைனைப் போட்டால் கோல் கைப்பிடிவரை வளைந்து அப்படியே சோர்ந்துவிடும். நிமிராது. கொஞ்ச நாளில் கோலின் மூங்கில் கோணிக்கொள்ளும், நுனி ஒடியவும் ஒடியும். தடித்த கோலுக்கு மெல்லிய லைனைப் போட்டால் கோல் வளையவே வளையாது, லைன் காலடியில் விழும். பெட்டியின் மேல் இங்கிலீஷ் எழுத்துப் போட்டிருக்கும். சி என்றால் தடிப்பு, டி நடுத்தரம், ஈ மெல்லியது. இறகு ஈ வேறு, இந்த எழுத்து ஈ வேறு. கோலின் நீளத்தையும் நிறையையும் பார்த்து, கையில் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினால் எந்த எழுத்து என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்தது எப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில். பக்கத்து மேசையில் துப்பாக்கி ரவை விற்கிற கனகரத்தினம் யாழ்ப்பாணத்துப் பிள்ளையாண்டான். வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறான். கடையில் உடைந்து தள்ளிய கோல்களை ஒட்டி ஒன்றிரண்டு கோல் உண்டாக்கி வைத்திருந்தான். ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரை மணலில் நின்று, ஈக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி, எறிந்து எறிந்து பழகினோம். வலை இழுக்கிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தண்ணீரில் போடாமல் மணலில் தூண்டில் போடுகிற இரண்டு பைத்தியங்களை அவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள்! எனக்கு அது பிடித்திருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இந்த ஊரில் நானாகப் போய்க் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் அருவருப்பு. கொழும்பு வெக்கையில் அந்த லைன்கள் பெட்டிக்குள்ளேயே பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் பிரித்து, வெள்ளைப் பொடி தடவித் துடைத்து, காற்றாடத் தொங்கவிட வேண்டும். துரைமார் கொண்டுவந்து தருகிற பழைய லைன்களுக்கு மான் கொழுப்புப் பூச வேண்டும். என் கையால், விரலால். வீட்டுக்கு வந்தால் குளிக்கும்வரை செண்பகம் தண்ணீர்ப் பானைப் பக்கம் என்னை விடமாட்டாள். குளித்த பிறகும் சோற்றில் அந்த வாடை வருகிறது எனக்கு.

3

எங்கள் கடையில் ஒரு வழக்கம். துரையிடம் குமாஸ்தா 'இல்லை' என்று சொல்லக்கூடாது. 'அது தப்பு' என்பதை நினைக்கவே கூடாது. துரை எதைக் கேட்டாலும் 'வெரி குட், சார்'.

இதில் ஒரு சங்கடம். துரைமாரில் பாதிப் பேருக்குக் கோலும் தெரியாது, லைனும் தெரியாது. தப்பான லைனைக் கொண்டுபோய்க் கோலை ஒடித்துக்கொண்டு வந்து நம்மைத்தான் ஏசுவார்கள். ஆகவே கடையில் எல்லோரும் கையாளுகிற தந்திரம் ஒன்று உண்டு. அவர் தப்பாகக் கேட்டால், 'அது முடிந்துவிட்டது சார், அடுத்த கப்பலில் வரும்' என்று சொல்லி, சரியானதை எடுத்து வைப்பது. அவரும் எடுத்துக்கொண்டு போவார். அவர் மானமும் போகவில்லை, கோலும் ஒடியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை துரைமாரின் கோலை இப்படிப் பொய் சொல்லிக் காப்பாற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இங்கே வருமுன் தென்காசியில் ஜவுளிக்கடையில் இருந்தேன். அங்கே, 'இது வேண்டாம் அக்கா, ரெண்டு துவையல்ல சாயம் போயிரும்' என்று வாய்விட்டுச் சொல்லலாம். அதற்காக ஊர் உசத்தி என்று எழுத வரவில்லை. அதே கடையில் ஒரு சாதிக்காரருக்கு ஜமக்காளம் விரிப்போம், இன்னொரு சாதிக்காரருக்கு வாசலிலேயே சேலையை எறிவோம். நானும் எறிந்திருக்கிறேன். எங்கே போனாலும் குமட்டுவதற்கு ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

4

ஒரு மாதத்துக்குச் சற்று முன் ஒரு தேயிலைத் தோட்டத்துரை வந்தார். புதிதாக எட்டடிக் கோல் ஒன்று எடுத்தார். நாலு அவுன்சு நிறை, கையில் இருப்பதே தெரியாது, அவ்வளவு நயமான சாமான். அதற்கு ஈ லைன் போட வேண்டும். அவர் சி கேட்டார்.

"தடித்த லைன்தான் தூரம் போகும். சி எடு."

"சி முடிந்துவிட்டது, சார். இந்த ஈ லைன் இருக்கிறது. இந்தக் கோலுக்கு எல்லாத் துரைமாரும் இதைத்தான் எடுக்கிறார்கள்."

அன்றைக்குப் புதன்கிழமை. லைன்களைக் காற்றாடத் தொங்கவிடுகிற நாள். என் முதுகுக்குப் பின்னால் இருந்த கொக்கிகளில் ஆறு லைன் தொங்கியது. ஒவ்வொன்றிலும் நான் என் கையாலேயே எழுதிய சீட்டு, அட்சர சுத்தமாக, பெரிய எழுத்தில். துரை மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்தார். சி. அடுத்ததும் சி.

அவர் சீட்டைக் கையிலிருந்து விட்டார். நேரே கண்ணாடி அறைக்குப் போனார். அங்கே எங்கள் பிரிவுத் தலைவர் பென்னட் துரை இருந்தார். ஐந்து நிமிஷத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"யாருக்காக ஒளித்து வைத்தாய், பிள்ளை?" என்றார் பென்னட். "புறக்கோட்டை பஜாரில் எந்தக் கடைக்குப் போகிறது?"

திருட்டு. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு திருட்டு. கந்தோரில் அப்போதுதான் அந்தக் கடிதத்தைக் கேட்டு அனுப்பியிருந்தார்கள். நாளைக்குப் பதில் சொல்லும்படி பென்னட் என்னை வெளியே அனுப்பினார். கனகரத்தினம் சாமான் அறைக்குப் பின்னால் வந்து காதோடு காதாகச் சொன்னான்.

"அண்ணை, மறந்துபோனன் எண்டு சொல்லிவிடுங்கோ. மறதிக்கு வேலை போகாது. தெரியும் எண்டு சொன்னாத்தான் போகும்."

"மறந்துட்டேன்னா நம்புவாங்களா தம்பி? சீட்டு என் கையெழுத்து."

"நம்புவினம் அண்ணை. எங்களுக்கு மூளை இல்லை எண்டு சொன்னா உடனை நம்புவினம்."

அவன் சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் மறுநாள் கண்ணாடி அறையில் அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. தோட்டத்துரையும் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அந்தக் கோலுக்கு சி ஆகாது, ஒடிந்துபோகும், துரையை மறுத்துப் பேசக்கூடாதே என்றுதான் முடிந்துவிட்டது என்று சொன்னேன், வேறு ஒன்றும் இல்லை.

இரண்டு துரைமாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"நீ மீன் பிடித்திருக்கிறாயா?" என்றார் பென்னட்.

"இல்லை, சார்."

"தின்றிருக்கிறாயா?"

"இல்லை, சார்."

"பிறகு எப்படித் தெரியும்?"

"எறிந்து பார்த்துத் தெரியும், சார்."

தோட்டத்துரைக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. எறிந்து காட்டட்டும் என்றார். சாயந்திரம் காலிமுகத்திடலுக்கு வரச் சொன்னார்கள்.

5

காலிமுகத்திடல் என்பது கடலோரப் புல்வெளி. சாயந்திரம் துரைசானிகள் நாயோடு நடப்பார்கள், ஆயாக்கள் குழந்தை வண்டி தள்ளுவார்கள். அந்த இடத்தில் நான் கோட்டைக் கழற்றிக் கனகரத்தினத்திடம் கொடுத்துவிட்டு, கையில் தூண்டில் கோலோடு நின்றேன். நாய்கள்கூட என்னைப் பார்த்தன.

முதலில் தோட்டத்துரை சி லைனைப் போட்டு எறிந்தார். கோல் வளைந்தது, வளைந்துகொண்டே போனது, லைன் அவர் தொப்பிமேல் சுருண்டு விழுந்தது. காற்று என்றார். இன்னொரு தடவை எறிந்தார். மறுபடியும் காற்று என்றார்.

பிறகு நான் சி லைனையே எறிந்தேன். எனக்கும் அது ஒழுங்காகப் போகவில்லை, போகாது என்றுதானே சொன்னேன். பிறகு ஈ லைனை மாட்டினேன். பின்னால் ஒரு வீச்சு, லைன் முழுவதும் பின்னால் நீளுகிறவரை ஒரு கணம் பொறுத்து, முன்னால் ஒரு வீச்சு. கோல் வளைந்து, துள்ளி நிமிர்ந்தது. லைன் எதிர்காற்றிலும் நேராகப் போய், கனகரத்தினம் விரித்து வைத்திருந்த கைக்குட்டையின் ஓரத்தில் கம்பளித் துண்டை வைத்தது. இரண்டாம் தடவை நட்டநடுவில் வைத்தது. அந்தக் கணத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. மனிதனாக நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துரை கை தட்டினார். பிறகு பென்னட் பக்கம் திரும்பி, "கெட்டிக்காரன். யார் பழக்கியது?" என்றார். என்னவோ நானும் அங்கே திரிந்த நாய்களில் ஒன்று மாதிரி.

"எங்கள் ஆட்களை நாங்கள் நன்றாகப் பழக்குகிறோம்" என்றார் பென்னட்.

ஈ லைனை எடுத்துக்கொண்டு தோட்டத்துரை மலைக்குப் போய்விட்டார். ஒளித்து வைத்தேன் என்ற பேச்சு அன்றோடு ஒழிந்தது. நானும் கடைத்தெருவில் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே கொட்டாஞ்சேனைவரை நடந்தே போனேன். என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல.

6

மறுநாள் இரண்டு காகிதம் தயாராக இருந்தது. ஒன்று என் மேசைக்கு மேலே மாட்டுவதற்கு. 'தங்கள் கோலுக்கு ஏற்ற லைனை எங்கள் நிபுணர்கள் தேர்ந்து தருவார்கள்' என்று பலகையில் எழுதக் கொடுப்பதற்காக அழகாக டைப் அடித்திருந்தார்கள். மற்றது எனக்கு.

"திருடவில்லை என்று தெரிந்துவிட்டது. நல்லது. ஆனால் பொய் சொன்னாய், இல்லையா?" என்றார் பென்னட்.

சொன்னேன்தான். எப்படி இல்லை என்பது? ஐரோப்பிய வாடிக்கையாளரிடம் வேண்டுமென்றே பொய் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், இனி வாடிக்கையாளர் கேட்டதையே கொடுப்பேன், லைனைப் பற்றி யோசனை சொல்வது பிரிவுத் தலைவர் ஒருவரே, என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் கந்தோருக்குக் கடிதம் தருவார். ஒரு மாதம் என் நடத்தையைப் பார்த்துவிட்டு. இரவு யோசித்துவிட்டு வரும்படி பெருந்தன்மையாகச் சொன்னார்.

வீட்டில் அதைச் சரோஜா எடுத்துப் படித்தாள். அவளுக்கு இங்கிலீஷில் எது கிடைத்தாலும் உரக்கப் படிக்க வேண்டும், கன்னியாஸ்திரீகள் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, துரைசானி மாதிரி என் பொய்யை முழுவதும் படித்து முடித்தாள். அவ்வளவு நன்றாகப் படித்தாள் என்பதுதான் கொடுமை.

"என்னட்டீ சொல்லுது?" என்றாள் செண்பகம்.

"டாடி பொய் சொன்னவராம். ஓமெண்டு சைன் பண்ணட்டாம்" என்றாள் மகள். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எங்கள் பேச்சே வாயில் வருவதில்லை.

செண்பகம் என்னைப் பார்த்தாள். "கையெழுத்துதானேங்க. போட்டுட்டு வாங்க. புள்ள படிப்பு இருக்குல்லா."

போட்டுவிட்டு வந்தேன்.

7

அதன் பிறகு நான் மிகவும் ஒழுக்கமாக நடந்துகொண்டேன். கேட்டதைக் கொடுத்தேன். தலைக்கு மேலே நிபுணர் பலகை தொங்கியது, கீழே நான் 'வெரி குட், சார்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு துரைமார் தப்பான லைனை வாங்கிப் போனார்கள். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், ஒடியட்டும் என்று. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. கடிதம் டைப் அடித்து, கையெழுத்துக்காகப் பென்னட்டின் மேசையில் கிடந்தது. எனக்கும் கண்ணாடி அறைக்கும் எட்டு அடி. கதவு திறந்திருந்தது.

ஒரு டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் உத்தியோகம். தனியே மீன் பிடிக்கப் போவாராம், வேறு பொழுதுபோக்கு இல்லையாம். சீமையிலிருந்து மருமகன் அனுப்பியது என்று ஒரு கோலைத் துணியிலிருந்து பிரித்தார், பச்சைப் பிள்ளையைப் பிரிக்கிற மாதிரி. எட்டடி. நாலு அவுன்சுக்கும் குறைவு. கையில் வாங்கியதுமே தெரிந்தது, ஈ லைன்தான்.

"எங்கடை பெரிய துரை டொக்டர் சி எடுக்கச் சொன்னவர். தடிப்பெண்டால் தூரம் போகுமாம்" என்றார். நான் சி லைனை எடுத்து வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, காலிமுகத்திடலிலை எறிஞ்சு காட்டினது நீங்கள்தானே? எங்கடை ஆள் ஒருத்தர் துரைமாருக்கே காட்டிக் குடுத்தவர் எண்டு மலையிலையும் கதைச்சவை. உங்களைக் கேட்டு எடுப்பம் எண்டுதான் ரயிலேறி வந்தனான். துரை சொன்னதை விடுங்கோ. இந்தக் கோலுக்கு இது சரிவருமோ? நீங்கள் சொல்லுங்கோ."

ஒரு வார்த்தை. 'ஈ எடுங்கள்' என்று சொல்ல மூச்சுக்கூட வேண்டாம். கண்ணை இமைத்திருக்கலாம், பெட்டியை மாற்றி வைத்திருக்கலாம். கண்ணாடி அறையில் பென்னட் பேனாவைத் திறக்கிறது தெரிந்தது. கனகரத்தினம் தன் மேசையில் ரவை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழில் கேட்டவருக்கு நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன், உள்ளே கேட்கிற மாதிரி.

"ஆஸ் யூ ப்ளீஸ், சார்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. தங்கள் இஷ்டம் என்ற என் மரியாதையை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். "அப்ப நான் எடுக்கிறது சரிதான்" என்றார். "நீங்கள் சொன்னால் பிறகென்ன." அந்தத் தடித்த லைனை நானே காகிதத்தில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.